கச்சான் காலத்தில் கழற்றுக் கண்ணாடி

நெடுந்தூரப் பயணத்துக்கென அமைந்த மோட்டார் சைக்கிள்களின் முகப்பில், வேண்டும்போது மாட்டவும் வேண்டாதபோது கழற்றவும் ஏற்றவாறு பொருத்தப்படும் காற்றுத்தடுப்புக் கண்ணாடி, எதிரே வந்து மோதும் காற்றை ஓட்டுநரின் மார்பிலிருந்தும் முகத்திலிருந்தும் விலக்கி மேலே திருப்பிவிடுவதற்கென வடிவமைக்கப்பட்டதாகும். எனினும், கல்முனையிலிருந்து தெற்கே பொத்துவில் வரை நீளும் அம்பாறைக் கரையோர வீதியில், ஆண்டின் நடுமாதங்களில் அக்கண்ணாடியின் பிடிமானத்தைச் சோதிப்பது எதிர்க்காற்று அன்று. மேற்கே வயல்வெளிகளைக் கடந்து குறுக்காக வந்து அறையும் கச்சானே ஆகும்.

மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று, மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஏறும்போது தன் ஈரத்தை மழையாக இறக்கிவிட்டு, கிழக்குச் சரிவில் இறங்கும்போது ஒவ்வோர் ஆயிரம் மீற்றர் இறக்கத்துக்கும் ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் வீதம் சூடேறி, வறண்ட காற்றாகக் கிழக்குக் கரையை அடைகிறது. இதுவே கச்சான். ஆல்ப்ஸ் மலைச்சாரலில் வீசும் ஃபோன் காற்றின் இனத்தில் வானிலையியலாளர் இதனைச் சேர்ப்பர். ஜூன், ஜூலை மாதங்களில் இது கடற்காற்றையும் பின்தள்ளி, மட்டக்களப்புக் கரையில் வெப்பநிலையை 38 பாகை அளவுக்கு உயர்த்துவதுண்டு. அறுகம்பேயின் அலைச்சறுக்குப் பருவமும் ஏறத்தாழ ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரையே நீடிப்பதால், சுற்றுலா மோட்டார் சைக்கிள்கள் இவ்வீதிக்கு வரும் காலமும் கச்சான் காலமும் ஒன்றின்மேல் ஒன்றாக அமைந்துவிடுகின்றன.

வீதியின் அமைப்பு இச்சிக்கலை மேலும் கூர்மையாக்குகிறது. கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஊர்கள் வரிசையாக வடக்குத் தெற்காக அமைந்திருக்க, ஊருக்குள் வீடுகளும் மதில்களும் கடைத்தொகுதிகளும் காற்றை மறைக்கின்றன. ஊர் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் அந்த மறைப்பு ஒரே கணத்தில் நீங்கிவிடுகிறது. கோமாரியைத் தாண்டிய வெளிகளில் மறைப்பென்று சொல்வதற்கே ஒன்றுமில்லை. வடக்கு நோக்கிச் செல்பவருக்குக் கச்சான் இடப்புறமிருந்து வருவதால், இடப்பக்கமாக ஓட்டும் வழக்குள்ள இலங்கையில் அது வாகனத்தை எதிரே வரும் பஸ், லொறிகளின் பக்கமாகத் தள்ளுகிறது. தெற்கு நோக்கிச் செல்பவரையோ வீதியோரத்துக்குத் தள்ளுகிறது. ஆகவே ஒரே வீதியாயினும் பொத்துவிலிலிருந்து திரும்பும் பயணமே இவ்விரண்டில் கடினமானது. காரைதீவிலிருந்து மாவடிப்பள்ளி வழியாக அம்பாறைக்குச் செல்லும் வீதி மேற்கு நோக்கியது என்பதால், அங்கு அதே காற்று நேரெதிராக வந்து, கண்ணாடி தனக்குரிய பணியைச் செய்ய இடமளிக்கிறது.

எதிர்க்காற்றின் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது. கால் சதுர மீற்றர் பரப்புள்ள கண்ணாடியின் மீது மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் சுமார் நாலரைக் கிலோ எடைக்குச் சமமான விசை விழுமாயின், அதே வேகத்தில் 30 கிலோமீற்றர் எதிர்க்காற்றும் சேர்ந்துகொள்ளும்போது அது பத்துக் கிலோவைத் தாண்டிவிடுகிறது. இவ்விசை நான்கு பிடிகளிலும் ஏறத்தாழச் சமமாகப் பகிரப்படுவதால் அச்சத்துக்குரியதன்று. பக்கக் காற்றோ கண்ணாடியை முறுக்குகிறது. ஒரு பக்கப் பிடிகளை அழுத்தி, மறுபக்கப் பிடிகளை இழுத்து, ஓய்ந்து, மீண்டும் அறைகிறது. பிடிகள் தளர்வது இந்த மாறிமாறி வரும் இழுப்பினாலேயே.

கழற்றுக் கண்ணாடியின் பிடி எவ்வாறு இயங்குகிறது என்பதற்கு, ஹார்லி டேவிட்சன் நிறுவனம் 1994ஆம் ஆண்டு மாதிரியாக வெளியிட்ட ரோட் கிங் நல்ல எடுத்துக்காட்டாகும். அதில் கண்ணாடியின் இருபக்கச் சட்டங்களிலுமுள்ள வெட்டுக்குழிகள், முகப்பு விளக்கின் இருமருங்கிலும் நிலையாக உள்ள இறப்பர் வளையங்களின் மீது அமர, இருபுறத் தாழ்ப்பாள்கள் அவற்றை அங்கேயே நிறுத்துகின்றன. இங்கு எடையையும் அதிர்வையும் ஏற்பது இறப்பரே. தாழ்ப்பாளின் வேலை கண்ணாடி மேலெழுந்து கழன்றுவிடாமல் தடுப்பது மட்டுமே. வெயிலில் இறப்பர் காய்ந்து இறுகிச் சுருங்கும்போது கண்ணாடி கடகடக்கத் தொடங்க, அதற்கு மருந்தாகத் தாழ்ப்பாளை வளைத்து இறுக்குவது பரவலான பழக்கமெனினும், அது பழுதை மறைப்பதன்றி நீக்குவதன்று. மாற்ற வேண்டியது சொற்ப விலைக்குரிய அந்த இறப்பர் வளையமே. மாட்டும்போது கீழ்ப்பிடிகளை முதலில் அமரச்செய்து, பின்னர் மேற்பிடிகளை இறக்கி, இரு தாழ்ப்பாள்களும் முழுமையாகப் பூட்டியுள்ளனவா எனக் கண்ணால் மட்டுமன்றிக் கையாலும் தொட்டறிந்து, கண்ணாடியின் மேல்விளிம்பைப் பிடித்து முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் அசைத்துப் பார்த்தல் வேண்டும். கண்ணாடி அசையும்போது முன்சக்கரமும் சேர்ந்து திரும்பினால் பிடி உறுதியானது. கண்ணாடி மட்டும் தனியே ஆடினால் உறுதியற்றது.

இச்சோதனை எளிதெனினும் ஓர் எச்சரிக்கையும் அதனுள் அடங்கியுள்ளது. கழற்றுக் கண்ணாடிகளில் பெரும்பாலானவை ஹேண்டிலிலோ, முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க் குழாய்களிலோ மாட்டப்படுவதால், கண்ணாடியின் மீது விழும் ஒவ்வோர் அறையும் நேராகத் திசைமாற்றியைச் சென்றடைகிறது. 1976இல் பி.எம்.டபிள்யூ. வெளியிட்ட ஆர்100ஆர்எஸ் போன்ற வாகனங்களில் முகப்புக் கவசம் திசைமாற்றியோடு திரும்பாமல் வாகனச் சட்டத்திலேயே பொருத்தப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணமெனலாம். ஆகவே பிடி எவ்வளவு உறுதியாக இருந்தாலும், பெரிய கழற்றுக் கண்ணாடியோடு கச்சானில் செல்பவரின் கைகள் அக்காற்றை உணர்ந்தே தீரும்.

உள்ளூரில் ஓடும் 150 முதல் 250 சீசீ வாகனங்களுக்குக் கண்ணாடி பெரும்பாலும் ஹேண்டில் கிளாம்புகளிலோ பக்கக் கண்ணாடிகளின் தண்டுகளிலோதான் பொருத்தப்படுகிறது. யமஹா வாகனங்கள் பலவற்றில் வலப்பக்கக் கண்ணாடித் தண்டின் மரை, மோதும்போது உடையாமல் கழன்றுகொள்ளும் பொருட்டு, வழக்கத்துக்கு எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருக்கும். இதனை அறியாமல் பலங்கொண்டு முறுக்கியதால் மரை தேய்ந்த ஹேண்டில்கள் கராஜ்களுக்குப் புதியன அல்ல. கிளாம்பை இறுக்கிய பின்னர் ஹேண்டிலை இரு எல்லைகளுக்கும் முழுமையாகத் திருப்பி, பிரேக், கிளச், எக்சலேட்டர் கேபிள்கள் எவையும் இழுபடவோ நசுங்கவோ இல்லை என்பதை உறுதிசெய்யாமல் வீதியில் இறங்குவது தகாது.

கண்ணாடி என வழங்கப்படினும், இவ்வுறுப்பு பொலிகாபனேற் அல்லது அக்ரிலிக் எனும் பிளாஸ்டிக்கினால் ஆனது. முன்னையது வளைந்து கொடுக்கும். பின்னையது தெளிவானது, ஆனால் எளிதில் விரிசலடைவது. இரண்டுமே உலோகத்தைவிடப் பன்மடங்கு விரிவன: அரை மீற்றர் நீளப் பொலிகாபனேற் தகடு, 30 பாகை வெப்ப வேறுபாட்டில் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் நீள்கிறது. ஆதலால் போல்ட் செல்லும் துளை போல்ட்டைவிடச் சற்றுப் பெரிதாகவும், இடையே இறப்பர் வாசரும் இருத்தல் வேண்டும். துளை இறுக்கமாகவும் நட்டு மிகையாக முறுக்கியும் இருப்பின், நண்பகல் வெயிலில் துளையின் விளிம்பிலிருந்து விரிசல் புறப்படும். நட்டு கழலாதிருக்கப் பூசப்படும் ஒட்டுத்திரவமும் பொலிகாபனேற்றைத் தாக்கி விரிசலடையச் செய்வதாகையால், உள்ளே நைலோன் வளையமுடைய பூட்டு நட்டைப் பயன்படுத்துவதே முறை. பெற்றோல் நனைத்த துணியால் துடைக்கும் கராஜ் பழக்கமும் இதே கேட்டை மெல்ல விளைவிக்கிறது. கடலுப்பும் வயற்புழுதியும் படிந்த கண்ணாடியின் மீது முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றி, பின்னர் மென்மையான பருத்தித் துணியால் ஒற்றியெடுப்பதே போதுமானது. பலமுறை துவைத்து மெலிந்த மருதமுனைக் கைத்தறிச் சாரனின் துண்டு இதற்கு மிகப் பொருத்தமானது.

உப்பின் கேடு பிளாஸ்டிக்கைவிட உலோகத்திலேயே கூடுதலாகத் தெரிகிறது. துருவேறா உருக்குப் போல்ட்டும் அலுமினியக் கிளாம்பும் உப்பீரத்தில் தொட்டிருக்கும்போது அவற்றுக்கிடையே சிறு மின்னோட்டம் உண்டாகி, அலுமினியம் அரிக்கப்பட்டு வெண்பொடியாகிறது. போல்ட் பளபளப்பாகவே இருக்க, அது பற்றியிருந்த கிளாம்பு உள்ளே கரைந்திருக்கும். மரையில் சிறிதளவு கிறீஸ் பூசுவதும், வாடைக்காற்றுக் காலம் முடிந்ததும் ஒருமுறை கழற்றிப் பார்ப்பதும் இதற்கான தடுப்பாகும். புதிதாகப் பொருத்திய கண்ணாடியாயின், இறப்பர் வாசர்கள் அமுங்கி அமர்வதால், முதல் நூறு கிலோமீற்றருக்குள் ஒருமுறை நட்டுக்களைச் சரிபார்த்தல் அவசியம்.

உயரத்தைப் பொறுத்தவரை, மேல்விளிம்பு ஓட்டுநரின் கண்மட்டத்துக்குக் கீழே, ஏறத்தாழ மூக்கின் அளவில் நிற்பதே ஏற்றது. கீறல் விழுந்த கண்ணாடியினூடாக எதிர்வரும் வாகன வெளிச்சத்தைப் பார்ப்பதைவிட அதற்கு மேலாகப் பார்ப்பது பாதுகாப்பானது. உயரம் குறையக் குறையப் பக்கக் காற்றுக்குக் கிடைக்கும் பரப்பும் குறைகிறது. கச்சான் உரத்து வீசும் நாட்களில், கோமாரிப் பக்கமாகச் செல்ல வேண்டியவர் அக்கரைப்பற்றிலேயே கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் செல்வதே விவேகம். கழற்றத்தக்கதாக அது செய்யப்பட்டிருப்பதன் பயன் அத்தகைய நாட்களுக்கே உரியது. கழற்றியதைப் பின்னிருக்கையில் கயிற்றால் கட்டிச் செல்வதோ, காற்றுக்குப் புதியதொரு பாய் விரித்துக் கொடுப்பதாகும்.