நாகைக் கடற்கரையில் ஒரு மாலை

தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்த எனக்குத் தண்ணீர் என்றால் ஆறும் வாய்க்காலும்தான். நாகப்பட்டினத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் கடலைப் பார்த்து மிரண்டே போனேன். இங்கேயோ, ஞாயிற்றுக்கிழமை மாலையானால் போதும். டிபன் கேரியரில் புளியோதரையை அடைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாகக் கடற்கரைக்குக் கிளம்பிவிடுவார்கள்! பிள்ளைகள் மணலில் வீடு கட்டும். சுண்டல்காரர் சுற்றிச் சுற்றி வருவார்.

என் மாமியார் மட்டும் அலைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். "எங்க அண்ணன் ராஜுலா கப்பல்ல பினாங்குக்குப் போனப்போ இங்கேதாம்மா நின்னு அழுதோம். கப்பல் கரைக்கு வராது, தள்ளி நிக்கும். படகுல ஏத்திக்கிட்டுப் போவாங்க. அது கண்ணுக்கு மறையற வரைக்கும் எங்கம்மா கையை ஆட்டிக்கிட்டே நின்னாங்க" என்பார்.

அந்தக் கீழ்த்திசைப் பயணம் நேற்று வந்ததல்ல. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்ரீவிஜய மன்னர் இங்கே சூடாமணி விகாரம் எழுப்பினார். முதலாம் இராஜராஜ சோழர் ஆனைமங்கலம் கிராமத்து வருவாயை அதற்கு அளித்தார். நம் வயல் நெல், கடல் கடந்து வந்தவர்கள் கட்டிய புத்தப் பள்ளிக்குப் போயிருக்கிறது, பாருங்கள்! மிச்சமிருந்த செங்கல் கோபுரத்தை 1867-ல் இடித்துவிட்டார்கள். இருந்திருந்தால் பிள்ளைகளுக்குக் காட்டலாமே என்று எனக்கு ஆதங்கம். போர்த்துக்கீசியர், 1658-ல் டச்சுக்காரர், 1781-ல் ஆங்கிலேயர் என்று ஊர் பல கை மாறியது.

பொழுதுபோக்குக்கும் குறைவில்லை. ஆடிப்பூரத்துக்கு நீலாயதாட்சி அம்மன் சன்னதியில் பெண்கள் கூட்டம் தாங்காது. நாகூர் கந்தூரி பதினான்கு நாள். சந்தனக்கூடு நாகையிலிருந்துதான் புறப்படும். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் கட்டிய 131 அடி மனோராவை அண்ணாந்து பார்த்துவிட்டு, தம்ரூட் வாங்காமல் திரும்புவோமா?

1985-ல் 'சிதம்பரம்' கப்பலில் தீப்பிடித்ததோடு மலேயாப் பயணம் நின்றது. 2023 அக்டோபரில்தான் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள்.

2004 டிசம்பர் 26-ம் ஞாயிற்றுக்கிழமைதான். நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். அதன்பின் ஒரு வருஷத்துக்கு மேல் பிள்ளைகளைக் கடற்கரைப் பக்கமே நான் விடவில்லை. மாமியார்தான் ஒரு நாள், "எத்தனை நாளைக்கும்மா பூட்டி வைப்பே?" என்று சின்னவன் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார்.

"கணுக்கால் நனையற வரைக்கும் போ ராஜா, அதுக்கு மேல வேணாம். அலை திரும்பும்போது காலுக்கடியில மண்ணைப் பறிக்கும்" என்று சொல்லியபடி, கையை விடாமல் அவரும் தண்ணீரில் நின்றார்.