கிளி வீட்டுக்கு அல்ல, நாய் தெருவுக்கு அல்ல

வீட்டில் பச்சைக்கிளி வளர்ப்பது குற்றம் என்று சொன்னால் இன்றைக்கும் பலர் நம்புவதில்லை. "எங்க பாட்டி காலத்திலேயே கூண்டு இருந்துச்சே, பிள்ளை மாதிரி வளர்க்கிறோமே" என்பார்கள். வளர்ப்பவர்களின் பாசம் பொய்யில்லை. ஆனால் அந்தக் கிளி கூண்டுக்கு வந்த வழியை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள்.

பச்சைக்கிளி மரப்பொந்தில் முட்டையிடும் பறவை. பட்டுப்போன பனை, வயதான புளியமரம், கோயில் கோபுரத்து இடுக்கு என்று பொந்து கிடைக்கிற இடத்தில் குஞ்சு பொரிக்கும். பிடிப்பவர்கள் இறக்கை முளைக்காத குஞ்சுகளைப் பொந்துக்குள் கைவிட்டு எடுக்கிறார்கள். சிறு பெட்டியிலோ சாக்கிலோ அடைத்து ஊர் விட்டு ஊர் கொண்டு போகும் வழியிலேயே பல செத்துப்போகின்றன. பிழைத்து விற்பனைக்கு வரும் ஒரு கிளிக்குப் பின்னால் விற்க முடியாமல் போன கிளிகளும் உண்டு. வீட்டுக்கு வந்த பிறகு இறக்கையைக் கத்தரிக்கிறோம். கூட்டமாகக் கத்திக்கொண்டு பல கிலோமீட்டர் பறந்து இரை தேடும் பறவை, இருபது வருடம் இரண்டடி கம்பிக்குள் தனியாக உட்கார்ந்திருக்கிறது. அது நம் பேச்சைத் திருப்பிச் சொல்வதை மகிழ்ச்சி என்று எடுத்துக்கொள்கிறோம். பேச வேறு கிளி இல்லாததால்தான் அது நம்மிடம் பேசுகிறது.

1972-ம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் பச்சைக்கிளி இரண்டாவது அட்டவணையில் இருக்கிறது. பிடிப்பது, விற்பது, வாங்குவது, வைத்திருப்பது எல்லாமே குற்றம். கூட்டைக் கலைப்பதும் முட்டையை எடுப்பதும்கூடச் சட்டத்தின் பார்வையில் வேட்டைதான். இதற்கு 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. 2022-ல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த தொகை இது. அதற்கு முன் 25 ஆயிரமாக இருந்தது. முதல் அட்டவணையில் உள்ள உயிர் என்றால் தண்டனை குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு. செல்வம் தரும் என்ற நம்பிக்கையில் தொட்டியில் வளர்க்கப்படும் நட்சத்திர ஆமை அந்த அட்டவணையில் இருக்கிறது என்பது வளர்ப்பவர்களில் பலருக்குத் தெரியாது.

சட்டம் ஏட்டோடு நிற்கவுமில்லை. கிளி வளர்த்ததற்காக 2023 பிப்ரவரியில் சென்னையில் ஒரு நகைச்சுவை நடிகருக்கு லட்சக்கணக்கில் அபராதம் விதிக்கப்பட்டது. 2024 மக்களவைத் தேர்தலின்போது கடலூரில் ஒரு வேட்பாளருக்குச் சீட்டெடுத்துக் கொடுத்த ஜோசியக் கிளிகளை வனத்துறை கைப்பற்றியது. அன்றாடப் பிழைப்புக்குக் கிளியை நம்பியிருக்கும் ஜோசியரையும், கூண்டோடு விற்கும் வியாபாரியையும் ஒரே தராசில் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் குடும்பங்களுக்கு மாற்றுத் தொழில் அரசு தர வேண்டும். ஆனால் கிளி அவர்களுடையது அல்ல, நம்முடையதும் அல்ல.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டில் கிளி இருந்தால், பதறிப்போய்க் கூண்டைத் திறந்து விட்டுவிடாதீர்கள். இறக்கை வெட்டப்பட்டு, இரை தேடத் தெரியாமல் வளர்ந்த கிளி அன்றைக்கே காகத்திடமோ பூனையிடமோ சிக்கும். அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்லி ஒப்படையுங்கள். அவர்கள் அதைச் சில காலம் பறக்கப் பழக்கி, பிறகு விடுவார்கள். காயம்பட்ட காட்டுயிர் ஏதாவது உங்கள் கைக்கு வந்தாலும் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். மரத்தடியில் தத்தித் திரியும் குஞ்சைக் கண்டால் உடனே வீட்டுக்கு எடுத்துவர வேண்டியதில்லை. பெரும்பாலும் தாய் பக்கத்திலேயே இருக்கும். நாய், பூனை எட்டாத கிளையில் வைத்துவிட்டு விலகி நின்றால் போதும்.

வெளிநாட்டு உயிர்கள் வேறு கதை. லவ்பேர்ட்ஸும் பட்ஜியும் வளர்க்கத் தடையில்லை. ஆனால் மக்காவ், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, பால் பைத்தான் போன்று சட்டத்தின் நான்காவது அட்டவணையில் உள்ளவற்றை வைத்திருப்பவர்கள் 2024-ல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். ரசீது இல்லாமல், சமூக ஊடகக் குழுவில் பேசி வாங்கியது பெரும்பாலும் கடத்தல் சரக்குதான். பாங்காக்கிலிருந்து வரும் பெட்டிகளில் இத்தகைய உயிர்கள் சென்னை விமான நிலையத்தில் அடிக்கடி பிடிபடுகின்றன. சலித்துப்போனதும் ஏரியில் விடுவது அடுத்த கேடு. மீன்தொட்டியைச் சுத்தம் செய்ய வாங்கிய டேங்க் கிளீனர் மீன் இன்று ஏரி, ஆறுகளில் பெருகி மீனவர் வலையைக் கிழிக்கிறது. உள்ளூர் மீனின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்கிறது.

நாய்க்கு வருவோம். நாய் வீட்டு உயிர். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதனோடு வாழ்ந்து, தனியே காட்டில் பிழைக்கும் தன்மையை ஏறக்குறைய விட்டுக்கொடுத்தது. அதனால்தான் அதைத் தெருவில் விடுவது இரட்டைக் குற்றம்: நாய்க்கும் செய்வது, ஊருக்கும் செய்வது. ஆசையாக வாங்கிய ஹஸ்கி சென்னையின் மே மாத வெயிலில் மூச்சிரைக்கிறது. சிகிச்சைச் செலவு ஏறுகிறது. ஒரு நாள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறக்கி விடப்படுகிறது. நம் வெயிலுக்கென்றே பிறந்த சிப்பிப்பாறையும் கோம்பையும் ராஜபாளையமும் கன்னியும், தெருவில் பிறந்த நாட்டுக்குட்டிகளும் இங்கேயே இருக்கும்போது இது ஏன்?

தெருவில் பெருகும் நாய் மனிதரை மட்டும் கடிப்பதில்லை. ஜனவரி முதல் சில மாதங்கள் ஆலிவ் ரிட்லி கடலாமைகள் சென்னைக் கடற்கரையில் முட்டையிட வரும். மாணவர்கள் 1988 முதல் இரவெல்லாம் மணலில் நடந்து அந்த முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காப்பதற்கு ஒரு முக்கியக் காரணம், நாய்கள் குழியைத் தோண்டித் தின்றுவிடுவது. கிண்டியைச் சுற்றி மான்களை நாய்கள் துரத்திக் கொல்கின்றன. குஜராத்தின் கிர் காட்டில் 2018-ல் சில வாரங்களில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தன. அவற்றில் பலவற்றிடம் நாய்களிடையே பரவலாக உள்ள டிஸ்டெம்பர் வைரஸ் இருந்தது. நீங்கள் உங்கள் நாய்க்குப் போடும் ஒரு தடுப்பூசி காட்டுக்கும் காவல்தான்.

ஆகவே நாய் வளர்ப்பவரின் கடமை இது: கருத்தடை, ஆண்டுதோறும் ரேபிஸ் தடுப்பூசி, உள்ளாட்சியின் உரிமம். சென்னை மாநகராட்சியில் உரிமம் கட்டாயம். வெளியே போகும்போது கழுத்தில் வார், கையில் மலம் அள்ள ஒரு பை. 2024 மே மாதம் சென்னைப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர்கள் கடித்துக் குதறியதை யாரும் மறந்திருக்க முடியாது. தன் நாயை அடக்கி வைக்காத உரிமையாளருக்கு பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவில் 6 மாதம் வரை சிறையும் 5,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு.

உரிமையும் இருக்கிறது. குடியிருப்போர் சங்கம் தீர்மானம் போட்டுச் செல்லப்பிராணியே கூடாது என்று தடுக்க முடியாது என்பதை விலங்குகள் நல வாரியம் தெளிவாக்கியிருக்கிறது. தெருநாய்க்கு உணவிடலாம், ஆனால் கண்ட இடத்தில் அல்ல. குழந்தைகள் விளையாடும் இடம், படிக்கட்டு, வாசல் ஆகியவற்றை விட்டுத் தள்ளி இடம் குறிக்க வேண்டும் என்கின்றன 2023-ன் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள். வார்டுதோறும் அப்படி இடம் ஒதுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றமும் 2025 ஆகஸ்டில் உத்தரவிட்டது. சோறு போடுபவர் கருத்தடைக்கும் துணை நிற்க வேண்டும். அதைச் செய்யாமல் சோறு மட்டும் போடுவது அடுத்த ஆண்டு இன்னும் ஆறு பசித்த குட்டிகளை உண்டாக்கும்.

கடி பட்டால் என்ன செய்வது என்பதில் மட்டும் தயவுசெய்து தவறாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள், மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள்; ஊசி இலவசம். தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் ஊசி. ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் போட வேண்டும், மறக்காமல் கேளுங்கள். குட்டிநாய்தானே, வீட்டு நாய்தானே, நகக்கீறல்தானே என்று விட்டவர்களும் இறந்திருக்கிறார்கள். ரேபிஸ் அறிகுறி தெரிந்தபின் காப்பாற்ற மருந்தில்லை. முன்னரே போட்டால் ஏறக்குறைய எல்லோரும் பிழைக்கிறார்கள்.

விலங்கை யாராவது அடித்தாலோ விஷம் வைத்தாலோ, படமும் வீடியோவும் எடுத்து வையுங்கள். கால்நடை மருத்துவரின் சான்றோடு காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். கொல்வதும் ஊனப்படுத்துவதும் நியாய சன்ஹிதா 325-ன்படி 5 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். வழக்குப் பதியக் காவல்துறை மறுக்க முடியாது. அடிபட்ட கால்நடைக்கு 1962 என்ற இலவச எண்ணில் ஆம்புலன்ஸ் வரும்.

ஊர் நினைத்தால் எவ்வளவு முடியும் என்பதற்குச் சிவகங்கை மாவட்டத்தின் கொள்ளுக்குடிப்பட்டியே சாட்சி. வேட்டங்குடிக் கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளக் கூடாதென்று பல பத்தாண்டுகளாக அங்கே தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. 

அந்த ஊருக்கு இருக்கும் அக்கறை நாடாளுமன்றத்துக்கு இன்னும் வரவில்லை. 1960-ன் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவின்படி, வளர்த்த நாயைக் கைவிடுபவருக்கு முதல் குற்றத்தில் அதிகபட்ச அபராதம் 50 ரூபாய். 2022-ல் திருத்த வரைவு ஒன்று மக்கள் கருத்துக்கு வெளியிடப்பட்டது. அது இன்னும் சட்டமாகவில்லை. உங்கள் தொகுதி எம்.பி. வாக்குக் கேட்டு வரும்போது இதை அவரிடம் கேளுங்கள்.