உங்களுக்குத் தெரியுமா? ஷிகோகு வழியில் எதிர்ப்பட்டவர்கள்

ஜப்பானின் நான்கு பெரிய தீவுகளில் ஆகச் சிறியது ஷிகோகு. அந்தத் தீவைச் சுற்றிவர 88 கோயில்கள் இருக்கின்றன. அத்தனையையும் நடந்தே கும்பிட்டு முடிக்க ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் போக வேண்டும். ஆறேழு வாரம் பிடிக்கும். இந்த யாத்திரையைப் பற்றிய புத்தகங்கள் பெரும்பாலும் கோயில்களைத்தான் வரிசையாகச் சொல்லும். இந்தப் பக்கம், ஒரு கோயிலுக்கும் அடுத்த கோயிலுக்கும் நடுவே உள்ள சாலையைப் பற்றியது. யார் யாரை அங்கே கண்டார்கள், கண்டதனால் என்ன ஆயிற்று என்பதைப் பற்றியது.

● தன்னந்தனியாக நடக்கிறவரின் கோரைத் தொப்பியைப் பாருங்கள். ‘இருவராகப் போகிறோம்’ என்று எழுதியிருக்கும். ஜப்பானிய மொழியில் ‘தோக்யோ நினின்’. அந்த இரண்டாவது ஆள் கோபோ டாய்ஷி. 774இல் ஷிகோகுவில் பிறந்து 835இல் மறைந்த கூகாய் என்னும் துறவிக்குப் பிற்காலத்தார் சூட்டிய பெயர் அது. ஷிங்கோன் பௌத்தத்தை ஜப்பானில் நிறுவியவர் அவர். யாத்திரிகரின் கையிலுள்ள ஊன்றுகோலே டாய்ஷி என்பது நம்பிக்கை. அதனால் இரவு தங்கும் இடத்துக்கு வந்ததும் தன் காலைக் கழுவும் முன் கோலின் நுனியைக் கழுவுவார்கள். 1920களில் மட்சுயாமாவில் ஆசிரியராக இருந்த ஜெர்மானியர் ஆல்ஃப்ரெட் போனர், தானும் இந்த வழியில் நடந்து, 1931இல் ஒரு நூல் வெளியிட்டார். ‘இருவர் யாத்திரை’ என்றுதான் அதற்குத் தலைப்பு வைத்தார்.

● பாலத்தின் மேல் நடக்கும்போது கோலைத் தரையில் ஊன்றக் கூடாது. கீழே டாய்ஷி தூங்கிக்கொண்டிருக்கலாம்! எஹிமே மாநிலத்தில் ஓசு என்ற ஊரில் ஒரு குளிர் இரவில் யாரும் அவருக்கு இடம் தரவில்லையாம். பாலத்தடியில் படுத்தார். அந்த ஓர் இரவு பத்து இரவாக நீண்டது என்பது கதை. அந்தப் பாலத்தின் பெயரே ‘பத்து இரவுப் பாலம்’. இன்றும் அதன் அடியில் படுத்த நிலையில் டாய்ஷியின் சிலை இருக்கிறது. ஊரார் அதற்கு மெத்தையும் போர்வையும் போர்த்தி வைத்திருக்கிறார்கள். என்றைக்கோ கதவு திறக்காமல் போன ஊர், இன்றுவரை போர்த்திவிடுகிறது. இந்த வழியில் எனக்கு ஆக நெருக்கமான இடம் எது என்றால் இதைத்தான் சொல்வேன்.

● முன்பின் தெரியாத ஒரு பாட்டி சாலையோரத்தில் நின்று உங்களை அழைத்து, கையில் இரண்டு கமலா ஆரஞ்சைத் திணித்துவிட்டுப் போனால், அதற்குப் பெயர் ‘ஓசெத்தாய்’. பழம், தேநீர், சோற்று உருண்டை, சில்லறைக் காசு, சில வீடுகளில் ஓர் இரவுத் தங்கலும்கூட. வேண்டாம் என்று சொல்லக் கூடாது என்பது முறை. கொடுக்கிறவர் உங்களுக்கு மட்டும் கொடுக்கவில்லை. உங்கள் பக்கத்தில் நடக்கும் டாய்ஷிக்குக் கொடுக்கிறார். தன்னால் நடக்க முடியாத யாத்திரையில் தன் பங்கையும் சேர்த்து எடுத்துப்போகச் சொல்கிறார். மறுத்தால் அந்தப் பங்கை மறுத்ததாகிவிடும். காரில் ஏறிக்கொள்ளச் சொல்வதை மட்டும், நடந்தே முடிப்பதாக நேர்ந்துகொண்டவர் பணிவாகத் தவிர்க்கலாம்; யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் வகயாமா பகுதியில் இருப்பவர்கள், தலைமுறை தலைமுறையாகக் கூட்டமாக வசந்த காலத்தில் வந்து, முதல் கோயிலான ரியோசென்ஜியில் யாத்திரிகர்களை உபசரிக்கும் வழக்கமும் உண்டு.

● வாங்கிக்கொண்டவர் பதிலுக்கு என்ன தருவார்? ஒரு காகிதச் சீட்டு, அவ்வளவுதான். பெயர், ஊர், தேதி, வேண்டுதல் எழுதிய அந்தச் சீட்டுக்கு ‘ஒசாமெஃபுதா’ என்று பெயர். கோயில்தோறும் அதைப் போட வேண்டும். உபசரித்தவருக்கும் ஒன்று தர வேண்டும். முதல் நான்கு சுற்றுவரை வெள்ளை, ஐந்து முதல் பச்சை, எட்டு முதல் சிவப்பு, 25 முதல் வெள்ளி, 50 முதல் தங்க நிறம். நூறு சுற்றைத் தாண்டியவருக்குப் பட்டு நெசவுச் சீட்டு. அதை ஒருவரிடமிருந்து பெறுவதைப் பெரும் பேறாக நினைக்கிறார்கள். பழைய காலத்துக் குடும்பங்கள் இப்படிக் கிடைத்த சீட்டுகளை வைக்கோல் பொதியில் சேர்த்து, வீட்டுப் பரணில் கட்டித் தொங்கவிட்டன. தீயும் திருடனும் அண்டாது என்று நம்பினார்கள். எண்ணிப் பாருங்கள்: எங்கிருந்தோ வந்து, தண்ணீர் குடித்துவிட்டுப் போன ஆயிரக்கணக்கானவர்களின் பெயர்கள் ஒரு குடும்பத்தின் தலைக்கு மேலே காவல் இருந்திருக்கின்றன.

● இந்த யாத்திரை தொடங்கியதே ஒருவர் இன்னொருவரைத் தேடித்தான் என்கிறது ஐதீகம். இன்றைய மட்சுயாமா பகுதியில் எமோன் சபுரோ என்ற பெரும் பணக்காரர் இருந்தார். வாசலில் வந்து நின்ற ஒரு பிச்சைத் துறவியை விரட்டினார். துறவி மறுபடி மறுபடி வந்தார். சபுரோ கோபத்தில் திருவோட்டைத் தட்டிவிட, அது எட்டுத் துண்டானது. அதன்பின் அவருடைய எட்டுப் பிள்ளைகளும் ஒருவர்பின் ஒருவராக இறந்துபோனார்கள். வந்தவர் டாய்ஷி என்று அப்போதுதான் புரிந்தது. மன்னிப்புக் கேட்கப் புறப்பட்டார். இருபது முறை தீவைச் சுற்றியும் டாய்ஷி கண்ணில் படவேயில்லை. இருபத்தொன்றாவது முறை எதிர்த்திசையில் நடந்தார். பன்னிரண்டாவது கோயிலான ஷோசான்ஜிக்குப் போகும் மலைப்பாதையில் உடல் தளர்ந்து விழுந்தபோது டாய்ஷி எதிரே வந்து நின்றார். அங்கேயே இறந்த சபுரோவின் கையில் அவர் பெயர் எழுதிய ஒரு கல்லை டாய்ஷி வைத்து அடக்கம் செய்து, அவர் ஊன்றி வந்த கோலை மேலே நட்டாராம். அது தேவதாரு மரமாக வளர்ந்தது. அந்த இடத்துச் சிறு கோயிலுக்கு ‘கோல் மர ஆசிரமம்’ என்ற பொருள்படும் பெயர்.

கதை அங்கே நிற்கவில்லை. பிற்பாடு சபுரோவின் ஊர்ப் பகுதித் தலைவர் வீட்டில் ஒரு குழந்தை மூடிய கையோடு பிறந்தது. பூஜை செய்து கை விரிந்தபோது உள்ளே அதே கல். 51ஆவது கோயிலுக்கு ‘இஷிதேஜி’, அதாவது ‘கல் கைக் கோயில்’ என்று பெயர் வந்தது இப்படித்தான். அந்தக் கல்லை அங்கே இன்றும் பார்க்கலாம்.

● சபுரோவின் கதைக்குள் ஒரு கணக்கும் இருக்கிறது. வட்டமான பாதையில் எல்லாரும் ஒரே திசையில், ஏறத்தாழ ஒரே வேகத்தில் போனால், அரை நாள் முன்னே போகிறவரைக் கடைசிவரை பார்க்கவே முடியாது. இருபது சுற்றுச் சுற்றினாலும் அந்த இடைவெளி அப்படியேதான் இருக்கும். திரும்பி நடந்தால் அன்றிலிருந்து எல்லாரும் எதிரே வருவார்கள். எதிர்த்திசையில் போகும் யாத்திரிகர்கள் அனுபவிப்பது இதைத்தான்: நாள் முழுக்க முகங்கள். ஆனால் ஒவ்வொரு முகமும் ஒரே ஒரு முறைதான். வலம்வந்து நடப்பவர்களுக்கோ சில முகங்களே கிடைக்கும். அதே முகங்கள் விடுதியிலும், அடுத்த மலையுச்சியிலும், பத்து நாள் கழித்து ஒரு கடலோரத்திலும் திரும்பத் திரும்பக் கிடைக்கும்.

● பத்தாவது கோயில் கிரிஹதாஜி. ‘துணி வெட்டிய கோயில்’ என்று பொருள் சொல்லலாம். கிழிந்த ஆடைக்கு ஒட்டுப்போட டாய்ஷி ஒரு துண்டுத் துணி கேட்டார். தறியில் இருந்த பெண், நெய்துகொண்டிருந்த புதுத் துணியையே தயங்காமல் வெட்டிக் கொடுத்தாளாம். இதற்கு நேர்மாறான கதை முரோதோ முனையில்: கிழங்கு கேட்ட துறவிக்கு ‘இது தின்ன முடியாத கிழங்கு’ என்று பொய் சொன்னார்கள், அன்று முதல் அந்தக் கிழங்கை யாருமே தின்ன முடியவில்லை.

● கூகாயின் வாழ்க்கையே ஒரு தற்செயலில் திரும்பியது. அதில் காஞ்சிபுரத்துக்கும் பங்கு உண்டு. 804இல் ஜப்பானிலிருந்து சீனாவுக்கு நான்கு கப்பல்கள் கிளம்பின. இரண்டுதான் கரை சேர்ந்தன. கூகாய் ஏறிய கப்பல் திசை தவறி, தெற்கே ஃபூஜியன் கரையில் ஒதுங்கியது. அங்கிருந்து தலைநகர் சாங்ஆனுக்குப் போய், குருவைத் தேடிக் கோயில் கோயிலாக அலைந்தபோது, தற்செயலாகத்தான் சிங்லோங் கோயிலின் ஹுய்குவோவைக் கண்டதாகக் கூகாயே எழுதியிருக்கிறார். அவரோ ‘உனக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன்’ என்ற பொருளில் வரவேற்றாராம். அது 805. சில மாதங்களில் தான் அறிந்தது எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தார். அந்த ஆண்டு முடிவில் ஹுய்குவோ காலமாகிவிட்டார். கப்பல் இன்னும் ஓர் ஆண்டு தாமதித்திருந்தால் ஷிகோகுவில் இன்றைக்கு இந்த யாத்திரையே இருந்திருக்குமா என்பது ஐயம்தான்.

ஹுய்குவோவின் குரு அமோகவஜ்ரர். அவருடைய குரு வஜ்ரபோதி (671–741), தென்னிந்தியர். இராஜசிம்மன் எனப்படும் இரண்டாம் நரசிம்மவர்மப் பல்லவனின் காலத்தில் காஞ்சியில் இருந்துவிட்டுக் கடல்வழியே சீனா சென்றவர். கயிலாசநாதர் கோயிலை எழுப்பிய அரசனின் நகரத்திலிருந்து ஒரு குரு மரபு ஷிகோகுவின் மலைப்பாதைவரை நடந்திருக்கிறது. அமோகவஜ்ரர் மறைந்ததும் கூகாய் பிறந்ததும் ஒரே ஆண்டு, 774. ஷிங்கோன் பௌத்தர்கள் இதைத் தற்செயல் என்று நினைப்பதில்லை. சிங்லோங் கோயிலை ஷிகோகு யாத்திரையின் ‘பூஜ்யமாவது கோயில்’ என்று அழைக்கிறார்கள்.

● 1918இல் தகமுரே இட்சுயே என்ற 24 வயதுப் பெண், கையில் அதிகப் பணமில்லாமல் குமாமோட்டோவிலிருந்து ஷிகோகுவுக்குக் கிளம்பினார். ஓய்தா பகுதியில் ஒரு முதியவர் அவரைத் தன் வீட்டில் தங்கவைத்தார், வயது 73. பிறகு அந்தப் பெரியவரும் கூடவே புறப்பட்டுவிட்டார்! இருவரும் எதிர்த்திசையில் தீவைச் சுற்றினார்கள். வழியிலிருந்து தகமுரே எழுதி அனுப்பியவை ஒரு நாளிதழில் 105 பகுதிகளாக வந்து, அவரை ஊரறிய வைத்தன. பின்னாளில் ஜப்பானியப் பெண்களின் வரலாற்றை எழுதிய முன்னோடி அறிஞர் இவர்தான். தாய்வழிச் சமூகம் பற்றிய அவருடைய பெரிய ஆய்வு 1938இல் வெளிவந்தது. தனியாகக் கிளம்பிய ஓர் இளம்பெண்ணை நம்பி ஒரு கிழவரும், அந்தக் கிழவரை நம்பி அவளும் நடந்த அந்த மாதங்களை நினைத்தால் மனம் நிறைகிறது.

● அதிகச் சுற்று நடந்தவராகச் சொல்லப்படுபவர் நகட்சுகாசா மொஹெய் (1845–1922). 280 சுற்று! வழிநெடுக அவர் நட்ட வழிகாட்டிக் கற்கள் 200க்கு மேல் இன்றும் நிற்கின்றன. இது எத்தனையாவது சுற்று என்பதையும் பொறித்திருக்கிறார். இந்த வழிக்கு முதல் கையேட்டை 1687இல் வெளியிட்டவர் ஷின்னென் என்ற துறவி. வழி தவறும் இடத்தில் கல் நட்டால், தான் ஒருநாளும் பார்க்கப் போகாத ஒருவருக்குத் துணை நின்றதாகும் என்பதை இருவரும் அறிந்திருந்தார்கள்.

● முதல் சுற்றுலாப் பேருந்து இந்த வழியில் ஓடியது 1953இல். இப்போது பெரும்பாலோர் பேருந்திலும் காரிலும்தான் போகிறார்கள். பக்தியில் குறைவில்லை. ஆனால் பழம் வைத்துக்கொண்டு சாலையோரம் நிற்கும் பாட்டியிடம் பேச, நடந்துதான் போக வேண்டும் என்பது என் எண்ணம்.

● ‘வழியில் இருவரின் சட்டைக் கை உரசினாலும் அது முற்பிறவித் தொடர்பு’ என்று ஜப்பானில் ஒரு பழமொழி உண்டு. நாம் விட்டகுறை தொட்டகுறை என்கிறோம்.

● யாத்திரிகர் அணியும் வெள்ளை உடை, பிணத்துக்குப் போர்த்தும் உடை. நோயாளிகளும் வீடற்றவர்களும் இந்த வழியில் நடந்தே உயிர்விட்ட காலம் ஒன்று இருந்தது. விழுந்த இடத்தில் அந்த ஊரார் அவர்களைப் புதைத்து, ஊன்றுகோலைத் தலைமாட்டில் நட்டார்கள். அப்படிப்பட்ட யாத்திரிகர் கல்லறைகள் பாதையோரங்களில் இன்றும் இருக்கின்றன. பெயர் தெரியாதவரை அடக்கம் செய்ததும் ஓர் ஓசெத்தாய்தான்.

● சபுரோ திரும்பி நடந்தது ஒரு லீப் வருடத்தில் என்பது ஐதீகம். அதனால் லீப் வருடங்களில் 88ஆவது கோயிலான ஓகுபோஜியில் தொடங்கி எதிர்த்திசையில் நடந்தால் டாய்ஷியை வழியில் காணலாம் என்று நம்புகிறார்கள். வழிக்குறிகள் பெரும்பாலும் மறுதிசையைப் பார்த்து நிற்பதால் அது கடினம். புண்ணியம் மூன்று மடங்கு என்பார்கள். உங்களில் யாருக்காவது நடக்கும் எண்ணம் இருந்தால், அடுத்த லீப் வருடம் 2028.