செடி வாடுதா? யூரியாவில் கை வைக்காதீர்கள்! குப்பைக் கூடையிலேயே இருக்கிறது மருந்து

சென்னை:

மாடித் தொட்டியில் வைத்த மல்லிகை மஞ்சள் தட்டி நிற்கும். வீட்டுக்காரர் ஆபீஸ் விட்டு வரும் வழியில் கடையில் ஏறி, "யூரியா கால் கிலோ கொடுப்பா!" என்பார். அன்று ராத்திரியே ஒரு கைப்பிடி அள்ளிப் போடுவார். ஒரு வாரத்தில் இலை ஓரம் கருகும். அப்புறம் செடியே காலி!

"உரம் போட்டேனே சார், பின்னே ஏன் செத்துச்சு?"

உரம் போட்டதால்தான் செத்தது!

யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. வயல் முழுக்கப் பரவ வேண்டிய சரக்கு. அதை ஒரே தொட்டியில் கொட்டினால் வேர் வெந்து போகும்.

மணலும் களியும்

திருவான்மியூர், சாந்தோம், தண்டையார்பேட்டை போன்ற கடலோரப் பகுதிகளில் மண் மணற்பாங்கு. ஊற்றிய தண்ணீர் நிற்காது. கரைந்த உரமும் கூடவே இறங்கிப் போய்விடும்.

மேற்கு மாம்பலம், அண்ணா நகர், பெரம்பூர் பக்கம் களிமண். மழை பெய்தால் சேறு. வெயில் அடித்தால் வெடிப்பு. வேர் மூச்சு விட வழியில்லை.

இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றுதான். மக்கிய குப்பை! மணலில் அது பஞ்சு மாதிரி ஈரத்தைப் பிடித்து வைக்கும். களிமண்ணைப் பொலபொலவென்று ஆக்கும்.

ஓட்டை வாளி போதும்

பழைய பிளாஸ்டிக் வாளி ஒன்று. அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போடுங்கள். காய்கறித் தோல், டீத்தூள் சக்கை, வாடிய சாமிப் பூ ஒரு பங்கு. காய்ந்த சருகு இரண்டு பங்கு. மாற்றி மாற்றிப் போட்டு மூடி வையுங்கள். வாரம் இரண்டு முறை கிளறிவிடுங்கள்.

நாற்றம் வருதா? ஈரம் அதிகம் என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் சருகு போடுங்கள். மீன், கறி, எண்ணெய்ப் பண்டம் மட்டும் வேண்டாம். எலி வந்துவிடும்!

இரண்டு மூன்று மாதத்தில் எல்லாம் கறுத்து, உதிர்ந்து, மழை விழுந்த மண் போல மணக்கும். இரண்டு பங்கு மண்ணுக்கு இது ஒரு பங்கு; கூட ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு. இதுதான் கணக்கு.

பச்சைச் சாணம் போடலாமா? கூடாது. மக்கும்போது சூடு கிளம்பி வேரைத் தாக்கும். மக்கிய தொழு உரம்தான் நல்லது.

கடை உரமே வேண்டாமா?

அப்படி இல்லை. கத்தரி, தக்காளி மாதிரி காய்க்கும் செடிக்குப் பசி அதிகம். 17-17-17 காம்ப்ளக்ஸ் உரம் மாதம் ஒரு சிட்டிகை, ஈர மண்ணில், தண்டில் படாமல் போடலாம். ஆனால் முதலில் மண் தேற வேண்டும். வயிறு சரியில்லாதவனுக்கு விருந்து வைத்து என்ன பிரயோஜனம்?

கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் பல வருஷமாக நகரத்துக் குப்பை மலையாய்க் குவிந்ததே, அதில் நம் வீட்டு வாழைப்பழத் தோலும் உண்டு.

நாளைக் காலை குப்பை வண்டி வரும்போது, கூடையைக் கவிழ்க்கும் முன் ஒரு நிமிஷம் உள்ளே பாருங்கள். நீங்கள் கொட்டப் போவது, உங்கள் மல்லிகையின் சாப்பாடு!