திருத்தமும் வருத்தமும்

ஒருவர் எழுதியதைப் படித்துவிட்டு, அதிலுள்ள குறையை அவரிடமே எடுத்துச் சொல்வது எளிய செயல் அன்று. சொல்லாமல் விட்டால் குறை அப்படியே நிலைத்துவிடும். சொல்லும் முறை பிழைத்தாலோ எழுதியவர் உள்ளம் புண்படும். சிலர் எழுதுவதையே விட்டுவிடுதலும் உண்டு. முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் கட்டுரை ஏடுகளைத் திருத்தி வந்தவன் என்ற முறையில் இந்தச் சங்கடத்தை நான் நன்கு அறிவேன். ஆனால் பள்ளியில் திருத்துவது ஆசிரியரின் கடமை. திருத்தப்படுவதற்கென்றே மாணவன் ஏட்டை நீட்டுகிறான். அத்தகைய கடமையும் உரிமையும் இல்லாத இடங்களும் உலகில் உள்ளன. ஒத்த விருப்பம் உடையவர்கள் தாமாகவே கூடி, எழுதியும் படித்தும் மகிழும் இரசிகர் கூட்டங்கள் அவை. அங்கே குறை கூறுதல் எத்தகைய விளைவுகளை உண்டாக்குகிறது, அதனால் எழும் மனத்தாங்கலை எவ்வாறு தவிர்க்கிறார்கள் என்பதை இன்று சற்று ஆராய்வோம்.

நேயர்களுள் பலர் இத்தகைய கூட்டங்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கமாட்டீர்கள். ஆதலின் முதலில் அவற்றின் இயல்பைக் கூறிவிடுகிறேன். ஒரு நாவலிலோ, திரைப்படத்திலோ, தொலைக்காட்சித் தொடரிலோ மனம் தோய்ந்தவர்கள், அதில் வரும் மாந்தர்களை வைத்துத் தாமே புதிய கதைகளை எழுதுகிறார்கள். ‘இரசிகர் புனைவு’ என்று இதனைக் கூறலாம். பெரும்பாலோர் புனைபெயரில் எழுதுவர். இதற்கு ஊதியம் இல்லை. எழுதுபவர் தம் கதையை ஏனைய இரசிகர்களுக்கு அன்பளிப்பாகவே தருகிறார். படிப்பவர் அளிக்கும் இரண்டொரு வரிப் பாராட்டே அவர் பெறும் கைம்மாறு. இந்த அன்பளிப்பு என்னும் தன்மையை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் கூறப்போகும் வழக்குகள் அனைத்துக்கும் வேர் இதுவே.

அமெரிக்காவில் 1966 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ‘ஸ்டார் ட்ரெக்’ என்னும் விண்வெளித் தொடர் தொலைக்காட்சியில் தொடங்கியது. அடுத்த ஆண்டிலேயே, அதாவது 1967 இல், அதன் இரசிகர்கள் ‘ஸ்பாகனேலியா’ என்ற சிற்றிதழை வெளியிட்டார்கள். நம் பள்ளிகளில் ஒரு காலத்தில் தேர்வு வினாத்தாள்களைப் படியெடுக்கப் பயன்பட்ட சைக்ளோஸ்டைல் பொறியைப் போன்ற ஒன்றில் அச்சிட்டு, அஞ்சலில் அனுப்பினார்கள். இதனைத் தொடர்ந்து இத்தகைய இதழ்கள் பல தோன்றின. கதையைப் படித்தவர்கள் தம் கருத்தைக் கடிதமாக எழுதி அனுப்புவதும் வழக்கமாயிற்று. அக்காலத்தில் கடிதம் போய்ச் சேர்ந்து, மறுமொழி எழுதப்பட்டு, அது இதழில் வெளிவர வாரங்களும் மாதங்களும் ஆகும். சினம் ஆறுவதற்கும், எழுதியதை ஒருமுறை திரும்பப் படித்துப் பார்ப்பதற்கும் அந்த இடைவெளி உதவியது. இன்று அந்த இடைவெளி இல்லை. கதை இணையத்தில் வெளியான சில நிமிடங்களில் கருத்து வந்துவிடுகிறது. அதனை ஊரறியப் பலரும் படிக்கிறார்கள். மறுமொழியும் அதே வேகத்தில் பிறக்கிறது.

இனி, குறை கூறுதல் எப்படி நன்மையாகவும் தீமையாகவும் முடியும் என்பதற்கு இந்தக் கூட்டத்தின் வரலாற்றிலிருந்தே ஒரு சான்று தருகிறேன். 1973 ஆம் ஆண்டில் பௌலா ஸ்மித் என்ற அம்மையார், ‘மெனாஜெரி’ என்னும் இரசிகர் இதழில் ஒரு சிறு நையாண்டிக் கதையை வெளியிட்டார். அதன் தலைவி மேரி சூ என்பவள். பதினைந்தரை வயதிலேயே விண்வெளிப் படையின் அதிகாரியாகிவிடுகிறாள். அவளுக்குத் தெரியாத கலை இல்லை. கண்டவர் எல்லாம் அவளை வியக்கிறார்கள். முடிவில் அனைவரும் சூழ்ந்து நின்று அழ, அவள் உயிர் துறக்கிறாள். எழுதுபவர் தம்மையே தலைவியாகக் கற்பனை செய்துகொண்டு, குறையே இல்லாத பாத்திரத்தைப் படைக்கும் கதைகள் அந்நாளில் மலிந்திருந்தன. அந்தக் குறையைத்தான் அவர் எள்ளி நகையாடினார். நகையாடியது பொருத்தமே. பெயரில்லாமல் இருந்த ஒரு குற்றத்துக்கு ஒரு பெயர் கிடைத்தது. பலர் தம் கதையைத் தாமே சோதித்துப் பார்க்க ஒரு கருவியும் கிடைத்தது.

ஆனால் காலப்போக்கில் அந்தக் கருவியே தடியாக மாறிவிட்டது. கதையில் திறமையுள்ள பெண் ஒருத்தி வந்தாலே போதும். “இவள் மேரி சூ” என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடும் பழக்கம் பரவிற்று. காமில் பேக்கன்-ஸ்மித் என்ற ஆராய்ச்சியாளர், இந்த இரசிகைகளிடையே பழகி, 1992 இல் ஒரு நூலை வெளியிட்டார். அந்தப் பெயருக்கு அஞ்சித் தம் கதைகளில் பெண் பாத்திரங்களைப் படைப்பதையே விட்டுவிட்ட பெண் எழுத்தாளர்களைப் பற்றி அந்நூலில் அவர் குறிப்பிடுகிறார். ஒரு குற்றத்தைக் களையப் புறப்பட்ட திறனாய்வு, பெண்கள் பெண்களைப் பற்றி எழுதுவதையே தடுக்கும் நிலைக்கு வந்து சேர்ந்தது. இன்ன இடத்தில் இன்ன குறை என்று காட்டும்போது எழுதியவருக்குத் திருத்த ஓர் இடம் கிடைக்கிறது. ஒரு பட்டப்பெயரைச் சூட்டிவிட்டாலோ, அவர் எதைத் திருத்துவது? ஒளிந்துகொள்வதைத் தவிர வேறு வழி இல்லை.

இந்த உண்மையைக் கல்வித் துறையின் ஆய்வுகளும் உறுதிப்படுத்துகின்றன. க்ளூகர், டிநிசி என்ற இரு உளநூல் அறிஞர்கள், ஒருவர் செய்த பணியைப் பற்றி அவருக்குக் கருத்துக் கூறுவதால் விளையும் பயனை ஆராய்ந்த பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டி, 1996 இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். பொதுவாகக் கருத்துக் கூறுதல் நன்மையே செய்கிறது. ஆயினும் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நேர்வுகளில், கருத்தைக் கேட்டபின் வேலை முன்னிலும் கீழாகப் போய்விட்டது. கேட்பவரின் கவனம் செய்யும் வேலையிலிருந்து விலகி, ‘நான் எத்தகையவன்’ என்ற நினைப்பின்மேல் திரும்பும்போது பயன் குறைகிறது என்று அவர்கள் விளக்கினார்கள்.

1988 இல் ரூத் பட்லர் என்ற அம்மையார் இஸ்ரேல் நாட்டுப் பள்ளிச் சிறுவர்களிடையே செய்த ஆய்வும் இத்தகையதே. சில மாணவர்களுக்கு அவர்கள் வேலையைப் பற்றிய குறிப்பை மட்டும் எழுதிக் கொடுத்தார்; சிலருக்கு மதிப்பெண் மட்டும்; வேறு சிலருக்கு மதிப்பெண்ணும் குறிப்பும். குறிப்பை மட்டும் பெற்றவர்கள் மேலும் நன்றாகச் செய்தார்கள். மதிப்பெண்ணோடு குறிப்பையும் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் காணப்படவில்லை. வகுப்பில் ஏட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது நானும் இதனைக் கண்டதுண்டு. மாணவன் விரைந்து பக்கத்தைப் புரட்டி எண்ணைப் பார்ப்பான்; அடுத்து, பக்கத்தில் இருப்பவனின் எண்ணைப் பார்ப்பான்; நாம் அரும்பாடுபட்டு ஓரத்தில் எழுதிய வரிகள் அங்கேயே கிடக்கும்.

இரசிகர் கூட்டத்தில் இந்த மனத்தாங்கல் மற்ற இடங்களைவிட மிகுதியாக இருப்பதற்குத் தனிக் காரணங்களும் உண்டு. எழுதுபவர் பலர் இளைஞர். பலருக்கு அதுவே முதல் எழுத்து. கூலிக்கு எழுதியதாயின் குறையைக் கேட்டுக்கொள்ளும் கடப்பாடு உண்டு. அன்பளிப்பில் குறை சொல்லப்படும்போது அன்பே மறுக்கப்பட்டதுபோல் தோன்றுகிறது. மேலும், தாம் விரும்பும் கதையும் மாந்தரும் இரசிகருக்குத் தம் வாழ்வின் ஒரு பகுதியாகிவிடுகிறார்கள். ஆகவே கதையின்மேல் படும் சொல் தம்மேல் பட்டதாகவே அவர் கொள்கிறார்.

இங்கே நெடுநாளாக ஒரு வழக்கு நடந்து வருகிறது. ஒரு சாரார் கூறுவது இது: “பலர் பார்க்க வெளியிட்ட பின் எவரும் கருத்துச் சொல்லலாம். பாராட்டு ஒன்றையே கேட்டுக்கொண்டிருப்பவர் வளரமாட்டார்.” மற்றொரு சாரார் கூறுவது இது: “கேளாத திருத்தம் எங்களுக்கு வேண்டா. பிடிக்கவில்லையானால் படிக்காமல் விடுங்கள்.” இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. விருந்துக்கு அழைத்தவர் இலையில் பரிமாறிவிட்டு நிற்கும்போது, பந்தியில் பலர் காதுபட “குழம்பில் உப்புக் குறைவு” என்று சொல்வது நாகரிகம் ஆகாது. அதற்காக, உப்பே இல்லாத குழம்பை ஆண்டுமுழுதும் சமைத்துக்கொண்டிருப்பதும் அந்த வீட்டாருக்கு நன்மை ஆகாது. நம் வீட்டுப் பெண்கள் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். இலை போடுவதற்கு முன் அடுக்களையில் ஒருவரை அழைத்து, “உப்பு உறைப்புச் சரியா, பார்” என்று உள்ளங்கையில் ஒரு சொட்டு விடுவார்கள். அந்த நேரத்தில் சொல்லும் குறை எவரையும் வருத்துவதில்லை; திருத்தவும் காலம் இருக்கிறது.

வியப்பு என்னவென்றால், இரசிகர் கூட்டங்களும் தம் அனுபவத்தால் இதே வழியைக் கண்டுகொண்டன. அங்கே ‘பீட்டா வாசகர்’ என்று ஒருவர் உண்டு. கணிப்பொறி நிரல்களைப் பொதுமக்களுக்கு வழங்குமுன் சோதித்துப் பார்க்கும் கட்டத்துக்குரிய பெயரிலிருந்து வந்த சொல் அது. கதையை வெளியிடுமுன் எழுத்தாளரே ஒருவரை நாடி, “பிழைகளைச் சொல்லுங்கள்” என்று வேண்டுகிறார். அவர் எழுத்துப்பிழை முதல் பாத்திரப் பண்பு வரை ஒளிக்காமல் சொல்கிறார். கதை வெளியாகும்போது முகப்பில் அவருக்கு நன்றி கூறுவது மரபு. ஆகவே கடுமையான திருத்தம் முன்னரே முடிந்துவிடுகிறது. வெளியான பின் வருவது வாசகரின் மகிழ்ச்சி. இரசிகர்களே நடத்தும் ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ என்ற பெரிய இணையக் காப்பகம் 2009 இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 2019 இல் ஹியூகோ விருது பெற்றது. அதில் பாராட்டைத் தெரிவிக்க ஒரு பொத்தான் உண்டு. இகழ்ச்சியைத் தெரிவிக்கப் பொத்தான் இல்லை. மேலும் சொல்ல விரும்புபவர் சொற்களால்தான் எழுத வேண்டும்.

இவ்வாறு அன்போடு கூறும் கருத்தால் எழுத்து வளருமா என்று ஓர் ஐயம் எழலாம். அமெரிக்கக் கல்வி ஆராய்ச்சியாளர் ரெபெக்கா பிளாக் 2008 இல் வெளியிட்ட நூலில் ஒரு சிறுமியின் வரலாறு வருகிறது. அவள் சீனநாட்டிலிருந்து பதினோராம் வயதில் கனடாவுக்குக் குடியேறியவள்; அங்குதான் ஆங்கிலம் கற்றாள். ஜப்பானியச் சித்திரத் தொடர் ஒன்றை வைத்து ஆங்கிலத்தில் கதை எழுதத் தொடங்கினாள். ஆங்கிலம் தன் தாய்மொழி அன்று என்பதைக் கதையின் முகப்பிலேயே தெரிவித்து, வாசகரின் உதவியையும் நாடினாள். வாசகர்கள் முதலில் கதையைப் பாராட்டினார்கள். அதன்பின் இந்த வாக்கியத்தை இப்படி மாற்றலாம் என்று பரிவோடு குறிப்பிட்டார்கள். அவள் அவற்றை ஏற்றுத் தன் அத்தியாயங்களைத் திருத்தினாள். நாளடைவில் ஏராளமான வாசகர்களைப் பெற்ற எழுத்தாளராக வளர்ந்தாள். கேட்டவள் அவளே, ஆதலின் திருத்தம் அவளுக்கு வருத்தம் ஆகவில்லை.

குறை காண்பதை விளையாட்டாகவே ஆக்கிக்கொண்ட இரசிகர்களும் உண்டு. ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளில் வரும் வாட்சன் போரில் குண்டடிபட்டவர். 1887 இல் வந்த முதற்கதையில் காயம் தோளில். 1890 இல் வந்த கதையில் அது காலுக்குப் போய்விடுகிறது. ஆசிரியர் கானன் டாயில் கவனியாமல் விட்ட பிழை இது. ரோனால்ட் நாக்ஸ் என்பவர் 1911 இல் ஆக்ஸ்ஃபோர்டில் படித்த ஒரு கட்டுரையில், இத்தகைய முரண்பாடுகளைப் பெரும் புலவர் ஆராய்ச்சி போலவே நடித்து அலசினார். அதுமுதல் ஹோம்ஸ் அன்பர்கள், பிழையைச் சுட்டியவரோடு சண்டையிடுவதை விட்டு, காயம் எப்படி இடம் மாறியது என்பதற்குப் புதுப்புது விளக்கங்களைக் கற்பித்து மகிழ்கிறார்கள். தம் அன்பின்மேல் உறுதி உடையவர்க்குக் குறையைக் கேட்க அச்சம் இல்லை என்பதை இது காட்டுகிறது.

இவற்றால் நாம் கொள்ளத்தக்கவை சில. குறை சொல்ல விரும்புபவர் முதலில், ‘இவர் என்னிடம் கேட்டாரா?’ என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். கேட்டிருந்தால், தனியே சொல்க. இடத்தைச் சுட்டிச் சொல்க. ஆளுக்குப் பெயர் சூட்டாமல் சொல்க. நன்றாக அமைந்த இடத்தையும் அதே நுட்பத்தோடு காட்டுக. வெறும் “அருமை” என்ற சொல்லால் எழுதுபவர் கற்பது ஒன்றும் இல்லை. குறையைக் கேட்பவர்க்கும் ஒரு கடமை உண்டு. அன்றே மறுமொழி எழுதாமல் ஓர் இரவு பொறுக்கலாம். சொன்னவர் அயலாராயினும், சொன்னது உண்மையா என்பதை மட்டும் மறுநாள் பார்க்கலாம். உண்மையாயின் கொள்க, அன்றாயின் விடுக. தம் கதைக்குத் தாமே வழக்கறிஞராக நின்று வாதிட வேண்டிய தேவை இல்லை.

நேயர்களே, இக்காலத்து இளைஞர் கைப்பேசியில் எதையோ எழுதிக்கொண்டிருப்பதைக் காண்கிறோம். அது ஒரு கதையாகவும் இருக்கலாம். உங்கள் வீட்டுப் பிள்ளை என்றாவது அதனை உங்களிடம் காட்டினால், சிவப்பு மையை உடனே தேடவேண்டா. “படித்து மகிழ வேண்டுமா, பிழை பார்த்துத் தர வேண்டுமா?” என்று முதலில் கேளுங்கள். மகிழ்வதற்கு என்றால் மகிழுங்கள். பிழை பார்க்க என்றால், ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். அடுத்த கதையையும் அந்தப் பிள்ளை உங்களிடம் கொண்டுவந்தால், நீங்கள் சொன்ன முறை சரியே என்று அறிந்துகொள்ளலாம்.