தென்காசிக் கோபுரமும் மன்னரின் வணக்கமும்

ஓர் ஊரின் வரலாற்றை அறிய விரும்புவோர் முதலில் அவ்வூரின் பழைய கட்டடங்களைக் கண்டறிதல் வேண்டும். நூல்கள் செல்லரித்துப் போகும். செவிவழிச் செய்திகள் காலப்போக்கில் திரிந்து போகும். கல்லில் எழுந்த கோயிலோ, தன்னைக் கட்டியவர் இன்னார், கட்டிய காலம் இன்னது, அவர் உள்ளத்தில் இருந்த கருத்து இன்னது என்பவற்றை நம்மிடம் நேரே சொல்லும். அவ்வாறு பேசும் கோயில்களுள் ஒன்று தென்காசி அருள்மிகு காசி விசுவநாதர் திருக்கோயில். அக்கோயிலையும், அதில் ஒரு மன்னர் நமக்கென எழுதிவைத்துச் சென்ற செய்தியையும் ஈண்டுச் சிந்திப்போம்.

பொதிகைச் சாரலில், சிற்றாற்றின் கரையில் அமைந்த நகர் தென்காசி. 2019ஆம் ஆண்டில் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. எனினும் பேரூர்களின் பரபரப்புக்கு முற்றும் ஆட்படாமல், கோயிலை நடுவணாகக் கொண்டே விளங்கும் சிறு நகர் இது. ஊருக்குள் எத்திசையினின்று வருவோர்க்கும் முதலில் கண்ணிற்படுவது இராசகோபுரமே. மேற்கு மலைக் கணவாய் வழியாக வீசும் காற்று கோபுர வாயிலில் வந்து மோதும் வேகத்தை, அங்கே ஒருமுறை நின்றவரும் மறவார்.

இத்தலத்திற்குத் தென்காசி என்னும் பெயர் வந்த வரலாறு யாது? பாண்டிய மன்னர் ஒருவர் வடநாட்டுக் காசிக்குச் சென்று வழிபட விரும்பினார் என்றும், இறைவன் கனவில் தோன்றித் தமக்குத் தெற்கிலேயே ஒரு கோயில் எடுக்குமாறு பணித்தான் என்றும், எறும்புகள் வரிசையாக ஊர்ந்து செல்லும் வழியைப் பின்பற்றிச் சென்றால் தன்னைக் காணலாம் என அருளினான் என்றும் தலவரலாறு கூறும். மன்னர் அவ்வாறே சென்று, செண்பக வனத்தில் சிவலிங்கத் திருமேனியைக் கண்டு வணங்கினார் என்பது வழக்கு. இதன் கருத்தை நாம் உணர்தல் வேண்டும். அக்காலத்தில் காசி யாத்திரை என்பது பல மாதங்கள் நடக்க வேண்டிய நெடும்பயணம். பொருளும் உடல்வலியும் உடையவர்க்கே அது கைகூடும். ஏழையும் முதியோரும் நோயாளரும் காசிப் பெருமானைக் காண்பது எங்ஙனம்? அவர்கள் இருக்கும் இடத்திற்கே எழுந்தருளினான் இறைவன். எளிவந்த பிரான் என்று பெரியோர் அவனைப் போற்றுவது இதுபற்றியே என்க.

இனி, கோயிலை எடுப்பித்த மன்னரைப் பற்றிக் காண்போம். அவர் அரிகேசரி பராக்கிரம பாண்டியர். 1422 முதல் 1463 வரை ஆட்சி புரிந்தவர். 1446ஆம் ஆண்டில் இக்கோயிற் பணியைத் தொடங்கினார். 1457ஆம் ஆண்டில் இராசகோபுரப் பணியைத் தொடங்கினார். கோபுரத்தை நிறைவு செய்தவர் அவருடைய தம்பியாகிய குலசேகர பாண்டியர் என்பர்.

அம்மன்னர் வாழ்ந்த காலத்தின் நிலையை நினைவில் கொள்ளுதல் நலம். பாண்டியர் குலம் மதுரையில் கோலோச்சிய காலம் அப்போது கழிந்துவிட்டது. 1311ஆம் ஆண்டில் மாலிக்காபூர் படையெடுத்து வந்தான். பின்னர் மதுரை சுல்தான்களின் ஆட்சிக்கு உட்பட்டது. அவர்களுக்குப் பின் விசயநகரத்தார் ஆட்சி வந்தது. சங்கம் வளர்த்த மதுரையை இழந்த பாண்டியர், தென்மேற்கு மூலையில் பொதிகையின் அடியில் ஒதுங்கி ஆண்டனர். மன்னர் படைகளும் மணிமாடங்களும் நிலைபெறா என்பதைப் பராக்கிரம பாண்டியர் நூல்களில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் இல்லை. தம் குலத்தின் வரலாற்றிலேயே கண்டிருந்தார்.

அந்த அறிவுதான் அவரை இக்கோயிலில் ஒரு கல்வெட்டை எழுதச் செய்தது என்று எண்ண இடமுண்டு. கோயில் கட்டிய மன்னர் பலர் தம் வெற்றிகளைக் கல்லில் வெட்டினர். தாம் விட்ட நிலங்களையும் அளித்த அணிகலன்களையும் வரிசைப்படுத்தினர். தருமத்திற்குத் தீங்கு செய்வார் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தை அடைவார் என்று சாபமும் வைத்தனர். பராக்கிரம பாண்டியரின் பாடற் கல்வெட்டு வேறொரு நெறியில் செல்கின்றது. இந்தப் பொன்னாலயத்திற்கு ஏதேனும் ஒரு குறை நேருமாயின், அக்காலத்தில் வந்து அதனை நீக்கிக் காப்பவர்களை, உலகத்தார் அறியத் தாம் பணிவதாக அவர் கூறுகின்றார்.

அடியார்களே, இதனைச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். முடிசூடிய மன்னர் ஒருவர், இன்னும் பிறவாத மக்களை வணங்குகின்றார். அவர்கள் எக்குலத்தார், எந்நாட்டார், செல்வரா வறியரா என்பது அவர்க்குத் தெரியாது. தாம் எடுத்த கோயில் ஒருநாள் பழுதுபடும் என்பதும், பழுது பார்க்க ஒருவர் வர வேண்டும் என்பதும் மட்டுமே அவர்க்குத் தெரியும். வருபவர் எவராயினும் தம் வணக்கத்திற்கு உரியவர் என்றார். ஆணையிடும் தகுதி படைத்தவர் வேண்டிக்கொண்டார்; சபிக்க வல்லவர் வணங்கினார். அடியார்க்கு அடியராம் நிலை என்று நம் சமயம் பேசுவது இதுவன்றோ?

மன்னர் அஞ்சியவாறே குறை வந்தது. 1924ஆம் ஆண்டில் நேர்ந்த தீயினால் இராசகோபுரம் சிதைந்தது. கல்லால் ஆகிய கோபுரம் தீயினால் சிதையுமோ என்று சிலர் ஐயுறலாம். நம் கோபுரங்களில் அடிப்பகுதி மட்டுமே கருங்கல். அதற்கு மேல் எழும் நிலைகள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு கட்டப்பெறுபவை. நிலைதோறும் பாரத்தைத் தாங்க மர உத்திரங்கள் வைப்பதும் பழைய முறை. மேலே செல்லச் செல்லப் பாரம் குறைய வேண்டும் என்பதற்காகச் சிற்ப நூலோர் கண்ட வழி இது. ஆதலின் இடியும் தீயும் முதலில் தாக்குவது மேல்நிலைகளையே. கல்லாலாகிய அடிப்பகுதி பெரும்பாலும் நின்றுவிடும். தென்காசியிலும் அடிப்பகுதி நின்றது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அது மொட்டைக் கோபுரமாகவே காட்சியளித்தது.

பின்னர் அன்பர்கள் பலர் ஒன்றுகூடினர். சிவந்தி ஆதித்தனார் முன்னின்று நடத்திய திருப்பணியினால் ஒன்பது நிலைகளுடன், 170 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் கோபுரம் மீண்டும் எழுந்தது. 1990ஆம் ஆண்டில் குடமுழுக்கு நிகழ்ந்தது. அத்திருப்பணிக்குப் பொருள் தந்தவரும், செங்கல் சுமந்தவரும், சாரம் கட்டியவரும், சுதை உருவங்கள் சமைத்தவரும் ஆகிய அனைவரும் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பாண்டிய மன்னரால் வணங்கப்பெற்றவர்கள். இதனினும் பெரிய பரிசு ஒரு தொண்டருக்கு உண்டோ?

கோபுரத்தைக் கடந்து உள்ளே சென்றால், மண்டபத்துத் தூண்களில் ஆளுயரத்திற்கு மேற்பட்ட சிற்பங்களைக் காணலாம். வீரபத்திரர், தாண்டவமூர்த்தி, காளி, இரதி, மன்மதன் எனப் பல வடிவங்கள் தூணோடு ஒரே கல்லில் நிற்கின்றன. விரல் நகமும் அணிகலனின் மணியும் தெரியுமாறு செதுக்கிய கைத்திறம் அது. விசுவநாதர் சந்நிதிக்கும் உலகம்மன் சந்நிதிக்கும் இடையே முருகப்பெருமான் எழுந்தருளியுள்ளார். தந்தைக்கும் தாய்க்கும் நடுவே மைந்தர் விளங்கும் இவ்வமைப்பு, சோமாஸ்கந்தத் திருவுருவத்தை நினைவூட்டும்.

இக்கோயிலைச் சூழ்ந்து தமிழும் வளர்ந்தது. 16ஆம் நூற்றாண்டில் தென்காசியில் ஆண்ட அதிவீரராம பாண்டியர் நைடதம் பாடினார், வெற்றிவேற்கை என்னும் நீதிநூலைத் தந்தார், காசிகாண்டமும் பாடினார். தென்காசி மன்னர் வடகாசியின் பெருமையைத் தமிழில் பாடியது பொருத்தமே. முன்னவர் காசியைக் கல்லில் கொணர்ந்தார். பின்னவர் சொல்லில் கொணர்ந்தார்.

தென்காசிக்குச் செல்வோர் 5 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருக்குற்றாலத்தையும் வணங்கி வருதல் வழக்கம். அங்குள்ள சித்திரசபை, கூத்தப்பெருமானின் ஐம்பெருஞ் சபைகளுள் ஒன்று. அங்கே இறைவன் ஓவிய வடிவில் ஆடுகின்றான். மரமும் சுவரோவியமும் செப்போடும் கூடிய அச்சபை, கற்கோயிலினும் மென்மையானது. ஒரு விளக்கின் புகையும், ஒரு சுவரில் இறங்கும் ஈரமும் அங்குள்ள ஓவியத்தை அழிக்கப் போதுமானவை. கல்லுக்கு ஒரு காப்பு, வண்ணத்திற்கு ஒரு காப்பு என்பதை அறிந்து போற்றுதல் வேண்டும் என்பதற்காகவே இதனை ஈண்டுக் கூறினோம்.

2025ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் தென்காசியில் மீண்டும் குடமுழுக்கு நிகழ்ந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்குச் செய்தல் நன்று என்று நம் முன்னோர் வைத்த வழக்கிலும் ஒரு நுட்பம் உண்டு. திருமேனியையும் பீடத்தையும் பொருத்தும் அட்டபந்தனம், கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு, காவி, சுக்கான், செம்பஞ்சு, சாதிலிங்கம், எருமை வெண்ணெய் என்னும் எண்பொருள்களை இடித்துச் செய்வது. நாளடைவில் அது இறுகி வெடிக்கும். வெடிப்பில் அபிடேக நீர் இறங்கும். அதனைப் புதுப்பிக்கும்போதே கோபுரத்தின் வெடிப்பும் விமானத்தின் ஒழுக்கும் நோக்கப்பெறும். எனவே குடமுழுக்கு என்பது சடங்கும் ஆகும்; கோயிலின் உடல்நலம் பார்க்கும் நாளும் ஆகும்.

ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் கோயிலைக் காப்பவர் யார்? நாமே. சாரற்காலத்து ஈரத்தில், பறவைகள் எச்சத்தோடு இட்ட ஆல், அரசு விதைகள் கோபுர இடுக்குகளில் முளைக்கும். இன்று இரண்டு இலையாக இருக்கும் செடியின் வேர், சில ஆண்டுகளில் செங்கற்களைப் பிளந்துவிடும். மேலே வெட்டினால் மட்டும் போதாது. வேர் இருக்கும்வரை மீண்டும் தளிர்க்கும். கண்டவுடன் கோயில் அலுவலர்க்குத் தெரிவித்து, அறிந்தவரைக் கொண்டு வேரோடு களைவித்தல் வேண்டும். புல்லும் செடியும் செதுக்கிய அப்பரடிகள் கையிலிருந்த உழவாரப்படை நமக்குக் காட்டும் நெறி இதுவே.

மற்றொன்றும் உண்டு. பழுது நீக்குகின்றோம் என்று கருதிப் பழமையை அழிப்பவரும் உளர். சிற்பத்தின்மீது வண்ணம் பூசுதல், கல்வெட்டின்மீது சுண்ணாம்பு அடித்தல், அழுக்கு நீங்க மணலைப் பீய்ச்சிக் கல்லின் மேற்புறத்தைத் தேய்த்தல் ஆகியவை பெருங்கேடு விளைப்பன. தூணில் எண்ணெய் தடவுவதும், விபூதி குங்குமத்தைக் கொட்டுவதும், தம் பெயரைக் கீறி வைப்பதும் நல்லன அல்ல. பராக்கிரம பாண்டியர் நம்மை வணங்கிய அந்த எழுத்துக்களும் கல்லின் மேற்புறத்தில்தான் உள்ளன. நம் கையாலேயே அவை தேய்ந்து போகுமாயின், வணங்கிய மன்னருக்கு நாம் செய்யும் மறுமொழி என்னாவது?

ஆதலின் அடுத்த முறை தென்காசிக்குச் செல்லும்போது, இறைவனையும் இறைவியையும் வழிபட்டபின், கல்வெட்டுகள் உள்ள சுவர் அருகே சிறிது நேரம் நில்லுங்கள். உடன்வரும் பிள்ளைகளுக்கு அம்மன்னரின் செய்தியைச் சொல்லுங்கள். தென்காசிக்குச் செல்ல இயலாதவர்கள் தத்தம் ஊர்ச் சிவாலயத்திற்குச் செல்லுங்கள். அங்கும் ஒரு கோபுரம் உண்டு. அதில் ஒரு செடி முளைத்திருக்கும். அதனை நீக்க முன்வருவோரை நோக்கியும் அம்மன்னர் வணங்கிய கை கூப்பியே நிற்கின்றது.

திருச்சிற்றம்பலம்.