மரக்கலம் – 14: மூங்கில் தளம்

கொங்கணக் கரையில் ஆங்கரேக்கள் ஓட்டிய கலங்கள் முக்கியமாக இரண்டு வகை: குராப், கல்பத். கன்ஹோஜி ஆங்கரே மராட்டியக் கடற்படையின் தலைவர், ஆங்கிலேயரின் ஏடுகளில் கடற்கொள்ளையர் என்பது முன்பே வந்தது. தம் அனுமதிச் சீட்டு வாங்காத கப்பலைப் பிடிப்பது போர்ச்சுகீசியருக்குச் சட்டமாக இருந்தது. அதையே ஆங்கரே செய்தபோது கொள்ளை என்று பெயர் வந்தது. பெயர் எதுவானாலும், கலத்தைக் கட்டிய தச்சர்களின் அறிவு பெரிது.

குராப் என்ற அரபுச் சொல்லுக்கு அண்டங்காக்கை என்று பொருள். இரண்டு பாய்மரக் குராப் 150 டன்னுக்கு மேல் போகாது. மூன்று பாய்மரம் என்றால் 300 டன் வரை. நீளத்தோடு ஒப்பிட்டால் அகலம் மிகுதி. அதனால் தண்ணீரில் அதிகம் அமிழாது, கழிமுகங்களுக்குள் எளிதாக நுழைந்துவிடும். ஆழமான அடிப்பாகம் கொண்ட கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் அங்கே துரத்திப் போனால் தரைதட்டும்.

அணியத்தில்தான் தனித்தன்மை. மற்றக் கப்பல்களைப்போல் உருண்டு திரளாமல், நடுவிலிருந்து ஒடுங்கிக்கொண்டே போய் மூக்குபோல் நீண்டிருக்கும். எதிர் அலையில் இந்த மூக்கு முங்கி முங்கி எழும். அதனால் அதன் தளத்துக்குப் பக்கச் சுவர் வைக்கவில்லை. ஏறிய தண்ணீர் இருபுறமும் வழிந்துவிடும். மூக்குக்குப் பின்னால் ஒரு பலகைத் தடுப்பு, அதில் இரண்டு துளைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பீரங்கி. 9 அல்லது 12 பவுண்டு குண்டு மூக்கின் மேலாகப் பாயும். அக்காலப் போர்க்கப்பல்களின் பீரங்கிகள் பெரும்பாலும் பக்கவாட்டில் இருந்தன. சுட வேண்டுமானால் கப்பலையே திருப்ப வேண்டும். திருப்பினால் துரத்தல் தடைபடும். குராப் துரத்திக்கொண்டே சுடும்.

கல்பத் இதன் தம்பி. 70 டன்னைத் தாண்டுவது அரிது. பெரிய பாய்மரத்தில் ஒரே முக்கோணப் பாய். விரித்தால் அதன் நுனி மரத்தையும் தாண்டி உயரும். பின்பாய்மரம் மெலிந்தது. 40, 50 தடித்த துடுப்புகள். காற்றே இல்லாத நாளிலும் மணிக்கு ஆறு கிலோமீட்டருக்கு மேல் வலித்துப் போகலாம்.

அதன் மேல்தளம் மூங்கில். சென்னைக் கோட்டையில் பணியாற்றிய கம்பெனி வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம், எடை குறைவதற்காகவே பிளந்த மூங்கிலால் தளம் போட்டார்கள் என்று பதிந்திருக்கிறார். ஒகேனக்கல் அருகே பென்னாகரம் பக்கத்தில் பரிசல் கட்டுபவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மூங்கிலைப் பிளந்து, உள்கணுவைச் செதுக்கி, விளிம்பைக் கத்தியால் வழித்து எடுத்த பிளாச்சு, பாறையில் இடித்தால் வளையும், சட்டென்று முறியாது. பிளாச்சுகளைப் பின்னி, அதன்மேல் அன்று தோல் போர்த்தினார்கள், இன்று பிளாஸ்டிக் தாளும் தாரும். ஆட்களை இறக்கியபின் முழுப் பரிசலையும் ஒரே ஆள் கவிழ்த்துத் தலையில் தூக்கிக்கொண்டு நடக்க முடிவது இந்த எடைக் குறைவால்தான். கடலில் கணக்கு இன்னும் கடுமை. மேல்தளத்தில் ஏறும் ஒவ்வொரு மணங்கும் படகைத் தலைகனமாக்கும், துடுப்பு வலிப்பவரின் தோளில் இறங்கும். பலகைக்குப் பதில் பிளாச்சு போட்டால் அந்தச் சுமையில் ஆட்களை ஏற்றலாம். சுழலும் தாங்கியில் வைத்த சிறு பீரங்கிகள் விளிம்பிலேயே பொருத்தப்பட்டன. பெரிய கல்பத்துக்கு மட்டும் உறுதியான தளமும் ஆறு முதல் எட்டுப் பீரங்கிகளும் உண்டு.

இரண்டும் சேர்ந்துதான் ஆயுதம். எட்டுப் பத்துக் குராப்கள், 40, 50 கல்பத்துகள் என ஒரு படை புறப்படும். காற்று நின்றால் கல்பத்துகள் குராப்களைக் கயிறு கட்டி இழுத்துவரும். இரையின் பின்புறம் கூடி, முதலில் பாய்மரங்களைச் சுடுவார்கள். மரம் சாய்ந்தால் கப்பல் நகராது. பிறகும் பணியவில்லை என்றால், கல்பத்துக்கு 200, 300 பேராக வந்து எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் வாளோடு ஏறுவார்கள். 1735இல் கம்பெனியின் டெர்பி கப்பல் ஆங்கரேக்களின் கையில் சிக்கியது.

திறந்த கடலில் வேலை செய்த இந்த ஏற்பாடு துறைமுகத்துக்குள் உதவவில்லை. 1756 பிப்ரவரியில் ஆங்கிலேயத் தளபதிகள் வாட்சனும் கிளைவும் ஆங்கரேக்களின் விஜயதுர்க்கக் கோட்டையைத் தாக்கியபோது துளாஜி ஆங்கரேயின் கலங்கள் கோட்டையடியில் நெருக்கமாகக் கட்டிக் கிடந்தன. ஆங்கிலேயரிடமிருந்து முன்பு பிடித்த ரெஸ்டோரேஷன் கப்பலில் ஒரு வெடிகுண்டு விழுந்து தீப்பிடித்தது. அந்தத் தீ கலத்துக்குக் கலம் தாவி, ஒரே நாளில் படை முழுவதும் எரிந்தது.

இந்த வாரம் வரவேண்டிய குஞ்ஞாலி மரைக்காயர்களின் படகுகளுக்கு இடம் போதவில்லை. அவை அடுத்த வாரம்.